வரலாறு படிக்கப் போனவளும் நாங்களும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவராக இருக்கும் பழைய மாணவி ஒருத்தியைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவாள் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். செயலாளர் அக்காவும் அப்படித்தான் எதிர்பார்த்தார். தலைப்பை மாற்றித் தரும்படி நாங்கள் கேட்டபோது சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பல்கலைக்கழகத்திலை வரலாறு படிக்கிறதைப் பற்றியோ? அதைக் கேட்க ஆர் பிள்ளை இருப்பினம்?" என்றார். நீங்கள் இருக்கிறீர்கள். மதியச் சாப்பாடு இதற்குப் பிறகுதான் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மேடையில் நிற்பது ஒருத்திதான் என்றாலும் 'நாங்கள்' என்றே பேசப் போகிறோம். 1999ஆம் ஆண்டு உயர்தரம் எழுதிய எங்கள் வகுப்பார் இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் கொழும்பிலும் வவுனியாவிலும் இந்த ஊரிலுமாக இருக்கிறோம். இந்த உரையை இரண்டு கிழமையாக வட்ஸ்அப்பில் எல்லோருமாகச் சேர்ந்து எழுதினோம், வெட்டினோம், சண்டையும் பிடித்தோம். இது யாரைப் பற்றியதோ அவளைச் சேர்க்காமல் அதற்கென்று தனியாக ஒரு குழு தொடங்க வேண்டியிருந்தது. அவள் பெயரை இங்கே சொல்லமாட்டோம். சொன்னால் எழும்பிப் போய்விடுவாள். கம்பஸ் காலத்தில் நாங்கள் அவளுக்கு வைத்த பட்டம் 'வைபவமாலை'. கூப்பிடுவதற்கு 'மாலை'.

1995 ஐப்பசி முடிவில் வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது நாங்கள் பத்தாம் வகுப்பு. அடுத்த ஆண்டு சித்திரை, வைகாசியில் திரும்பி வந்தோம். மார்கழியில் சாதாரண தரச் சோதனை. ஜாம் போத்தல் விளக்கில் படித்த காலத்தைப் பற்றி இந்த மண்டபத்தில் விரித்துச் சொல்லத் தேவையில்லை. பெறுபேறு வந்தபோது எங்கள் வகுப்பில் முதலாவதாக வந்தவள் மாலை. விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் அவளுக்கு அதிவிசேட சித்தி. அவள் உயிரியல் எடுப்பாளா, கணிதம் எடுப்பாளா என்பதுதான் எங்களுடைய பேச்சாக இருந்தது. அவள் கலைப்பிரிவில் பெயர் கொடுத்தாள். அதிலும் வரலாறு.

அந்தக் காலத்தில் வரலாறு எங்களுக்குத் தனிப்பாடமாகக்கூட இருக்கவில்லை. சமூகக்கல்விப் புத்தகத்தின் ஒரு பகுதியாகத்தான் அது இருந்தது. மன்னர்களின் பெயரும் குளங்களின் பெயரும் பாடமாக்கி, சோதனை முடிந்த அன்றே மறந்துவிடுகிற சங்கதி. அவளுடைய தாயாரைப் பாடசாலைக்குக் கூப்பிட்டார்கள். "நல்ல பிள்ளையை வீணாக்காதேங்கோ" என்று சொல்லப்பட்டது. நாங்களும் அதைத்தான் சொன்னோம், ஒரு நாளல்ல, ஒரு மாதமாக. "கலைப்பிரிவு சயன்ஸ் கிடைக்காத பிள்ளையள் போற இடமடி" என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். சொன்னவள் இன்று சத்திரசிகிச்சை நிபுணர். தான் அப்படிச் சொன்னதை இந்த உரையில் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று கேட்டதும் அவள்தான்.

தாயார் அன்று சொன்ன பதிலை வகுப்பு வாசலில் ஒளித்து நின்று கேட்டோம். "இடம்பெயரேக்கை என்னத்தை எடுக்கிறதெண்டு தெரியாமல் நான் நிண்டனான், ரீச்சர். இவள்தான் காணி உறுதியையும் பிறப்புப் பத்திரங்களையும் போட்டோக்களையும் சாறத்திலை சுத்திக் கட்டினவள். இவள் என்னத்தைப் படிக்கோணுமெண்டு அவளுக்குத் தெரியும்."

உயர்தர வரலாற்று வகுப்பில் நாலு பேர். சயன்ஸ் வகுப்பில் கதிரை போதாமல் வாங்குகளில் நெருங்கியிருந்த எங்களுக்கு, மாமரத்தடியில் நாலு பிள்ளைகளோடு ரீச்சர் கதைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்க விளையாட்டாக இருந்தது. பெறுபேறு வந்ததும் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் எடுபட்டவர்களின் பெயரைப் பலகையில் எழுதினார்கள். கலைப்பீடத்துக்கு எடுபட்ட இரண்டு பேரின் பெயர் எழுதப்படவில்லை. அந்தப் பலகையின் கீழ்ப்பகுதியில் இன்னும் இடம் இருக்கிறது.

பல்கலைக்கழகத்துக்குப் போனபோது நாங்கள் மூன்று பேர் திருநெல்வேலியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தோம். மருத்துவபீடத்துக்குப் போனவர்கள் இருவர். மூன்றாமவள் மாலை. சோதனைச் சாவடிகளைத் தாண்டி ஊரிலிருந்து தினமும் சைக்கிளில் வந்து போக வீட்டார் விடவில்லை. இராமநாதன் 1921இல் கட்டிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவுதான் 1974இல் பல்கலைக்கழக வளாகமாகியது. அதன் முதல் தலைவர் பேராசிரியர் கைலாசபதி. வரலாற்றுத்துறையை அங்கே கட்டியெழுப்பியவர்களில் ஒருவர் பேராசிரியர் கா. இந்திரபாலா. 1980இல் ஆனைக்கோட்டையில் நடந்த அகழ்வில் பெருங்கற்கால ஈமக்குழியில் ஒரு முத்திரையைக் கண்டுபிடித்தது அந்தத் துறையினர்தான். எங்களுக்கு முத்திரையைவிட அந்தக் குழியில் கிடைத்த எலும்புக்கூடு பெரிதாகப் பட்டது. முதலாம் வருடத்தில் எந்நேரமும் எலும்போடு கிடந்தவர்கள் அல்லவா. இடுப்பெலும்பை வைத்து ஆணா பெண்ணா என்று எப்படிச் சொல்வது என்று மாலை கேட்பாள். நாங்கள் கட்டிலில் எலும்பைப் பரப்பிவைத்து விளக்கம் சொல்வோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எவ்வளவு நிச்சயமாச் சொல்லலாம்?" என்பாள். அந்தக் கேள்வியை எங்கள் விரிவுரையாளர்கள்கூட அவ்வளவு கேட்டதில்லை.

எங்கள் வினாத்தாள்களில் ஒரு கேள்விக்கு ஐந்து கூற்றுக்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சரி அல்லது பிழை போட வேண்டும். தவறாகப் போட்டால் புள்ளி கழியும். ஒருநாள் அவளுடைய வினாத்தாளை எடுத்துப் பார்த்தோம். 'யாழ்ப்பாண இராச்சியத்தின் தோற்றம் பற்றிய கருத்துக்களை மதிப்பிடுக' என்று இருந்தது.

"இதுக்கு என்ன விடை?"

"விடை எண்டு ஒண்டில்லை. ஆர் என்ன சொன்னவை, எதை வைச்சுச் சொன்னவை, அந்தச் சான்று எவ்வளவு பாரம் தாங்கும், இதுதான் கேள்வி."

'யாழ்ப்பாண வைபவமாலை'யை அவள் ஒரு முழுத் தவணை வாசித்தாள். பட்டப்பெயர் வந்த வழி அதுதான். ஒல்லாந்தர் காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டில், மயில்வாகனப் புலவர் எழுதிய நூல். நாங்கள் எல்லோரும் பேரளவில் அறிந்தது. யாழ்ப்பாடி கதையையும் சங்கிலி கதையையும் யாரிடமாவது கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாங்கள். மாலை கதையை விட்டுவிட்டு, புலவர் தனக்கு ஆதாரம் என்று சொல்கிற நூல்களுக்குப் போனாள். கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை என்று நாலு. முதல் இரண்டும் கையில் இருக்கின்றன. மற்ற இரண்டும் இல்லை. "பார்த்தியா, எங்கடை கதையிலை பாதி நாங்கள் காணாத புத்தகத்திலை நிக்குது" என்றாள். அந்த நூலை வைத்தும் வேறு சான்றுகளை வைத்தும் முதலியார் இராசநாயகம் 1926இல் ஆங்கிலத்தில் 'பண்டைய யாழ்ப்பாணம்' எழுதினார். சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' எழுதினார். ஒரே ஊர், ஒரே காலம், இரண்டு பெரிய அறிஞர்கள், முடிவுகள் வேறு வேறு. எங்கள் சங்கம் தொடங்கிய காலமும் ஏறக்குறைய அதுதான். 'ஏறக்குறைய' என்று ஏன் சொல்கிறோம் என்பது பிறகு வரும்.

கலைப்பீடத்தில் படிப்பிப்பது தமிழில். வாசிக்க வேண்டிய புத்தகங்களில் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில். எங்களுக்குப் படிப்பே ஆங்கிலத்தில் என்பதால், இரவில் அவள் கட்டுரைகளைக் கொண்டுவர நாங்கள் சேர்ந்து வாசிப்போம். இப்படித்தான் நயினாதீவுக் கல்வெட்டு எங்கள் அறைக்கு வந்தது.

பேராசிரியர் இந்திரபாலா 1963இல் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையின் போட்டோப் பிரதி. கல்வெட்டு தமிழில் இருக்கிறது. வெட்டுவித்தவர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பொலனறுவையில் இருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு. தமிழ்ப் பிள்ளைகள் மூவர் ஒரு தமிழ்க் கல்வெட்டு என்ன சொல்கிறது என்று அறிய ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தோம். சிரிப்பாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. எங்களில் ஒருத்தி ஒவ்வொரு வருடமும் நாகபூஷணி அம்மன் கோயிலுக்குப் போய் வந்தவள். அங்கே இப்படியொரு கல் இருப்பது அன்றுதான் அவளுக்குத் தெரியும்.

அரசன் சொல்வது இதுதான். வெளிநாட்டவர் ஊராத்துறைக்கு, அதாவது எங்கள் ஊர்காவற்றுறைக்கு, வந்து இறங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மிச்சம் சொந்தக்காரனுக்கு. வேறு சரக்குக் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி.

எங்களுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. "பொலனறுவை அரசன் தமிழிலை சட்டம் போட்டிருக்கிறான்! அப்ப இஞ்சை முழுக்கத் தமிழ்தானே இருந்திருக்கோணும்!" என்று குதித்தோம். 2001ஆம் ஆண்டின் கடைசி. அந்தக் காலத்தில் அப்படிக் குதிக்காமல் இருக்க முடியுமா. மாலை எங்களை இருக்கச் சொன்னாள். பிறகு கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். இந்தக் கல்லை ஆர் வாசிக்க வேண்டும் என்று அரசன் நினைத்திருப்பான்? துறைமுகத்துக்கு வருகிறவர்களும் அங்கே அதிகாரம் பார்க்கிறவர்களும். அப்படியென்றால் அந்தக் கடலில் வணிகம் செய்தவர்களிடையேயும் அந்தத் துறையிலும் தமிழ் வழங்கியது என்று சொல்லலாம். யானைக்கும் குதிரைக்கும் ஏன் வரி குறைவு? படைக்கு அவை தேவை. வியாபாரி பயந்து வராமல் விட்டால் நட்டம் அரசனுக்கு. உடைந்த கப்பலின் சரக்கைப் பங்கிடச் சட்டம் எதற்கு? சட்டம் இல்லாத இடத்தில் ஆரோ முழுவதையும் எடுத்துக்கொண்டிருந்திருக்கலாம். "ஒரு சட்டத்தைக் கண்டால், அதுக்கு முன்னாலை சனம் என்ன செய்துகொண்டிருந்தது எண்டும் யோசிக்கோணும்."

"அப்ப ஆர் இருந்தது, எத்தினை பேர் இருந்தது?"

"அது இந்தக் கல்லிலை இல்லை. அதுக்கு வேறை கல் வேணும்."

அவ்வளவுதான். எங்களுக்குக் கோபம் வந்தது. உண்மையாகவே இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. எங்கள் பக்கத்துக்கு ஒரு வரி கூடச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தோம். மூன்றாம் வருடம் வாட்டுக்குப் போன பிறகுதான் அது எங்களுக்குப் பிடிபட்டது. எக்ஸ்ரேயில் இல்லாததை இருக்கிறதென்று சொன்னால் என்ன நடக்கும் என்று ஒவ்வொரு காலையும் நின்ற நிலையில் ஏச்சு வாங்கி அறிந்தோம்.

வாட்டில் நாங்கள் முதலில் பழகியதும் ஒரு வகை வரலாறுதான். நோயாளியிடம் கேட்டு எழுதுவதை நாங்களும் 'ஹிஸ்டரி எடுக்கிறது' என்றுதான் சொல்கிறோம். அதில் நாங்கள் படுமோசம். "எத்தனை வருசமாக வருத்தம்?" என்று கேட்டால், "கனகாலம் பிள்ளை" என்று ஆச்சி சொல்வார். நாங்கள் 'நீண்டகாலம்' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவோம். இதை இரவில் சொல்லிச் சிரித்தபோது மாலை சிரிக்கவில்லை. ஆண்டைக் கேட்காதே, அவருக்குத் தெரிந்த ஒன்றுக்கு முன்னாலோ பின்னாலோ என்று கேள் என்றாள். 1964 மார்கழிப் புயலுக்கு முந்தியோ? தமிழாராய்ச்சி மாநாடு நடந்தபோது, அதுதான் 1974இல், கலியாணம் முடிந்துவிட்டதோ? இடம்பெயர்ந்து போகும்போது தடி ஊன்றி நடந்தவரோ, சும்மா நடந்தவரோ? அடுத்த நாள் அதே ஆச்சியிடம் கேட்டோம். மூட்டுவலி எந்த மாதம் தொடங்கியது என்றே சொல்லிவிட்டார். இன்று எங்கள் கிளினிக்குகளில் புதிதாக வரும் பயிற்சி மருத்துவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறோம். எங்கே படித்தீர்கள் என்று கேட்கிறார்கள். கலைப்பீடத்தில் என்று சொன்னால் நம்புகிறார்கள் இல்லை.

2002இல் ஏ-9 வீதி திறந்தது. நாங்கள் கண்டி, நுவரெலியா என்று சுற்றுலாவுக்குத் திட்டம் போட, மாலை கொழும்புக்குத் தேசிய சுவடிகள் கூடத்துக்குப் போனாள். ஏன் அங்கே போக வேண்டும் என்று கேட்டோம். பழைய கட்டுரை ஒன்றின் அடிக்குறிப்பைக் காட்டினாள். 'பிரதி: யாழ்ப்பாணப் பொது நூலகம்' என்று இருந்தது. 1981 யூன் தொடக்கத்தில் அந்த நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்துபோயின. நாங்கள் பிறந்து ஒரு வயது ஆகாத காலம். எரிந்த கதை எங்களுக்குத் தெரியும். எரிந்ததால் எந்தெந்தக் கேள்விகளை இனிக் கேட்க முடியாது என்பதை அந்த ஒரு வரி அடிக்குறிப்பில்தான் கண்டோம்.

இறுதி வருடத்தில் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். அவள் எடுத்த தலைப்பு எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளின் கல்வி. யாழ்ப்பாணத்தில் பெண்கல்வி என்றால் எல்லோரும் 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் பாடசாலையையும் 1913இல் தொடங்கிய இராமநாதன் கல்லூரியையும் சொல்வார்கள். இரண்டும் பெரியவை, எழுதப்பட்டவை. அவளுக்கு வேண்டியிருந்தது எழுதப்படாத ஒன்று. எங்கள் பாடசாலையின் பழைய சேர்விடாப்பு. இடம்பெயர்வின்போது அதில் இரண்டு புத்தகங்களைப் பழைய எழுதுவினைஞர் ஐயா தன் உடுப்புப் பையில் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்திருந்தார். சம்பளப் பதிவேட்டை விட்டுவிட்டு இதை ஏன் எடுத்தாரென்று அவரிடம் கேட்டாளாம். "இதிலைதானே பிள்ளையள் இருக்கினம்" என்றாராம்.

நாலு மாதம் அலுவலகத்தில் ஒரு மூலையில் இருந்து பென்சிலால் படியெடுத்தாள். பெயர், தகப்பன் பெயர், வசிப்பிடம், சேர்ந்த திகதி, விலகிய காரணம். அந்தக் கடைசி நிரலை மட்டும் ஒரு மாலை முழுக்க எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். 'விவாகம்'. 'பெரியபிள்ளையானது'. 'தாய் இறந்தபடியால் தம்பியைப் பார்க்க'. ஒருத்திக்கு 'காரணம் சொல்லவில்லை' என்று இருந்தது. எழுதியவர் வேண்டுமானால் அதையும் வெறுமனே விட்டிருக்கலாம். கேட்டார், அவள் சொல்லவில்லை, அதைக் குறித்து வைத்தார்.

பிறகு மாலை ஊரின் படம் ஒன்று கீறினாள். ஒழுங்கை ஒழுங்கையாக. இடாப்பில் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் அவள் வீடு இருந்த ஒழுங்கையில் ஒரு புள்ளி. முப்பது வருடப் புள்ளிகள். படம் நிறைந்துகொண்டு வந்தது. இரண்டு ஒழுங்கைகள் மட்டும் வெறுமையாக இருந்தன. அங்கே அப்போது குடியில்லையாக்கும் என்று முதலில் நினைத்தாள். போய் விசாரித்தாள். குடி இருந்தது. பிள்ளைகளும் இருந்தார்கள்.

இந்த மண்டபத்தில் இதைச் சொல்ல எங்களுக்கு லேசாக இல்லை. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் இருக்க வேண்டும் என்ற அரசாங்க விதிக்கு யாழ்ப்பாணத்தில் என்ன எதிர்ப்பு எழுந்தது என்று நாங்கள் பொதுவாகக் கேள்விப்பட்டிருந்தோம். அது வேறு எங்கோ, வேறு ஆரோ செய்தது என்பதுபோல. எங்கள் பாடசாலைக் கீதத்தில் எல்லோரும் சமம் என்று பாடி வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த ஒழுங்கை ஒன்றில் எண்பது வயது கடந்த ஓர் அம்மா மாலையிடம் சொன்னதை அவள் கொப்பியில் அப்படியே எழுதி வைத்திருக்கிறாள். "உள்ளுக்கு விடாயினம். மதிலடியிலை நிண்டு தேவாரம் கேட்கிறனாங்கள். அப்பிடிக் கேட்டுத்தான் எனக்குத் தேவாரம் பாடம்." பாடியும் காட்டினார். ஒரு சொல் பிழையில்லை.

அந்த அம்மாவின் பேத்தி எங்கள் வகுப்பில் எங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். இந்த 'நாங்க'ளில் அவளும் ஒருத்தி. இந்தப் பந்தியை முதலில் எழுதியது அவள்.

அந்த ஒழுங்கைகளில் முதல் புள்ளி 1950களின் பிற்பகுதியில் விழுகிறது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது 1957இல். "அப்ப சட்டம்தான் காரணம், நல்ல முடிவு, எழுதிவிடு" என்று நாங்கள் அவளுக்கு வழி காட்டினோம். மறுத்துவிட்டாள். "சட்டத்துக்குப் பிறகு வந்தது எண்டு எழுதலாம். சட்டத்தாலை வந்தது எண்டு எழுத என்னட்டைச் சான்றில்லை." மருந்து குடித்த பிறகு காய்ச்சல் விட்டது என்பதற்கும் மருந்தால் விட்டது என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த வருடம்தான் நாங்களும் படித்துக்கொண்டிருந்தோம்.

இப்போது எங்கள் குற்றத்தைச் சொல்ல வேண்டும். அந்தப் படத்தை ஆய்வில் சேர்க்க வேண்டாம் என்று நாங்கள் அவளைக் கேட்டோம். ஊரில் இருக்க வேண்டியவள் நீ, பாடசாலையின் பெயர் கெடும், ரீச்சர்மார் மனம் நோவார்கள் என்றெல்லாம் சொன்னோம். அவளுக்கும் பயம் இருந்தது. இரண்டு இரவு நித்திரையில்லாமல் கிடந்ததைப் பார்த்தோம். பிறகு படத்தைச் சேர்த்தே கொடுத்தாள்.

பட்டம் கிடைத்தது, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. தங்கைமாருக்கு நாங்கள் பொய் சொல்லக்கூடாது. பட்டம் கிடைத்து இரண்டரை வருடம் அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. வேலையற்ற பட்டதாரிகளோடு வீதியில் பதாகை பிடித்து நின்றாள். நாங்கள் வெள்ளைக் கோட்டோடு அந்த வழியால் போயிருக்கிறோம். பிறகு ஆசிரியர் நியமனம் கிடைத்தது. இன்றும் அரசாங்கப் பாடசாலை ஒன்றில் வரலாறு படிப்பிக்கிறாள். எங்களில் பலருடைய சம்பளத்தில் அவளுடையது ஒரு சிறு பங்கு. வரலாறு படிக்க விரும்பும் பிள்ளை இதையும் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும்.

அவள் கடைசி வருடத்தில் இருந்தபோது, 2005இல், இந்திரபாலாவின் புதிய நூல் வந்தது. இலங்கைத் தமிழர் பற்றி 1965இல் இலண்டனில் செய்த ஆய்வில் தான் வந்த முடிவுகளை, நாற்பது வருடம் கழித்துப் புதிய சான்றுகளைக் கொண்டு தானே மாற்றி எழுதியிருந்தார். அடுத்த ஆண்டு தமிழிலும் வந்தது. மாலை அதைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மருத்துவத்தில் நோய் இதுவென்று ஒருமுறை எழுதிவிட்டால் அதை அடித்துத் திருத்த எங்களுக்கு எவ்வளவு மனவலி என்று அவளுக்குத் தெரியும்.

இனி இந்தச் சங்கத்தின் கதை. நூற்றாண்டு மலருக்குச் சங்கத்தின் வரலாறு எழுத ஆள் தேடியபோது குழுவில் மருத்துவர்கள் ஆறு பேர், பொறியியலாளர் மூவர், கணக்காளர் இருவர் இருந்தோம். ஒருவருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. கடைசியில் மாலையிடம் போனோம். அவள் கூட்டக் குறிப்பேட்டைக் கேட்டாள். ஓர் அக்கா தன் வீட்டு அலுமாரியில் இருந்து எடுத்துக் கொடுத்தார். முதலாவது புத்தகம், பூச்சி அரித்தது. ஒரு கிழமையால் மாலை தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"முதலாம் பக்கத்திலை, 'சென்ற ஆண்டுக் கூட்டத்திலே தீர்மானித்தபடி' எண்டு தொடங்குது."

"அதுக்கு?"

"சங்கம் அதுக்கு ஒரு வருசமாவது முந்தித் தொடங்கியிருக்கு. நூற்றாண்டு போன வருசம். அல்லது அதுக்கும் முதல்."

அப்போது பதாகை அடித்தாகிவிட்டது. அழைப்பிதழும் போய்விட்டது. குழுவில் மூன்று நாள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பேசாமல் விட்டுவிடுவோம், ஆருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு கருத்து வந்தது. நல்ல காலம், எங்கள் தலைவி அக்கா பழைய கணித ரீச்சர். "பிழை எண்டு தெரிஞ்ச பிறகு சரி போட ஏலாது பிள்ளையள்" என்றார். ஆகவே இந்த மலரில் சங்க வரலாற்றின் முதல் வரியில், 'கிடைத்துள்ள குறிப்பேட்டின்படி' என்று இருக்கும். புள்ளி வைத்த அந்த ஊர்ப்படமும் மலரில் இருக்கிறது. அதைப் போடுவதா இல்லையா என்று நடந்த கூட்டம் நாலு மணித்தியாலம் எடுத்தது. போட வேண்டும் என்று முதலில் கை உயர்த்தியவர், பல வருடங்களுக்கு முன் அவள் தாயாரிடம் "வீணாக்காதேங்கோ" என்று சொன்ன அதே ரீச்சர். அவர் இங்கே முன்வரிசையில் இருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.

சாப்பாட்டுக்கு முன் ஓர் அறிவித்தல் மட்டும் இருக்கிறது. மண்டபத்தின் பின்வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். அங்கே மாலை தன் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரோடு இருக்கிறாள். பழைய படங்கள், தேர்ச்சி அறிக்கைகள், பரிசளிப்பு விழா நிகழ்ச்சிநிரல்கள், கடிதங்கள் எது கொண்டுவந்திருந்தாலும் காட்டுங்கள். படம் எடுத்துவிட்டு அப்போதே திருப்பித் தருவார்கள். குறிப்பேட்டின் அந்தச் 'சென்ற ஆண்டு' எந்த ஆண்டு என்று ஆருடைய அம்மாவோ அம்மம்மாவோ சொல்லியிருந்தால் அதையும் சொல்லுங்கள். எண்பது வயதுக்கு மேற்பட்ட அக்காமார் முதலில் போங்கள். உங்களுக்கான சாப்பாட்டை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறோம்.